பக்கம் அமைப்பதும் தமிழ்ப் பணியே

ஆண்டு மலர் என்றதும் கட்டுரை, கவிதை, சிறுகதை எழுதுவோரைத் தேடி ஓடுகிறோம். பக்கங்களை அமைக்க மட்டும் ‘கணினி தெரிந்த யாராவது’ போதும் என்று விட்டுவிடுகிறோம். இந்தப் போக்கு தவறு என்பதே என் கருத்து. அந்தத் தவற்றைச் செய்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் துணிந்து எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் கலை இரவுக்கு 16 பக்க நிகழ்ச்சி நூல் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளைப் பயன்படுத்தினேன். சுவரொட்டி வரைந்த பழக்கத்தில் பக்கத்துக்கு ஒரு கோப்பு என்று 16 கோப்புகள் செய்தேன். ஓரம் ஒன்றில் 10 மில்லிமீட்டர், மற்றொன்றில் 15. அச்சகத்தில் அவற்றை வேறொரு மென்பொருளில் திறந்தார்கள். அங்கே ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. தமிழ் படிக்கத் தெரிந்தவர் அங்கு யாருமில்லை. நானும் சரிபார்க்கப் போகவில்லை.

நிகழ்ச்சிக்கு வந்திருந்த என் தமிழ்ப்பள்ளி ஆசிரியை நூலைப் புரட்டிவிட்டு, “ஏம்பா, கொம்பெல்லாம் பின்னால போயிருக்கே?” என்று மெதுவாகக் கேட்டார். முதலாம் ஆண்டில் என் கையைப் பிடித்துக் கொம்பு போடக் கற்றுத் தந்தவர் அவர்தான். நான் தலைகுனிந்து நின்றேன்.

பிறகுதான் முறையாகக் கற்றேன். ஒரே கோப்பில் பல பக்கங்கள் அமைக்கும் வசதி இங்க்ஸ்கேப்பின் 1.2 பதிப்பிலேயே, 2022-இல், வந்துவிட்டது. அடுத்த ஆண்டு வந்த 1.3 பதிப்பில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓரமும் வெட்டு மிகையும் குறிக்கலாம். முதலில் அளவை முடிவு செய்ய வேண்டும். ஏ5 என்றால் 148க்கு 210 மில்லிமீட்டர். நடுவில் கம்பி தைக்கும் நூலுக்குப் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும். ஒரு தாளை மடித்தால் நான்கு பக்கம் அல்லவா? பிறகு எல்லாப் பக்கங்களையும் வரிசையாக உருவாக்கி, வெட்டு மிகைக்கு 3 மில்லிமீட்டர் விட்டு, அதன் பிறகே எழுத்தை வைக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. பக்க எண்ணை நாமே இட வேண்டும். நீண்ட கட்டுரைகள் நிறைந்த நூலுக்கு ஸ்கிரைபஸ் போன்ற பக்க வடிவமைப்பு மென்பொருளே ஏற்றது. படங்கள் மிகுந்த சிறு நூலுக்கு இங்க்ஸ்கேப் தாராளமாகப் போதும்.

முடிவில் இரண்டு கோப்புகள் தேவை. அச்சகத்துக்கு, எழுத்துகளைக் கோட்டுருவாக மாற்றிய பிடிஎப். இதில் கொம்பு இடம் மாறாது. நமக்கு, ஒருங்குறி எழுத்து அப்படியே இருக்கும் மூலக் கோப்பு. இந்த இரண்டாவதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். எங்கள் அலமாரிக் குறுந்தட்டுகளில் உள்ள பழைய மலர்களைத் திறந்தால், அக்கால எழுத்துரு இல்லாமல் வெறும் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே தெரிகின்றன. யாரோ ஓர் அக்காள் எழுதிய கவிதை அதற்குள் கிடக்கிறது, படிக்க முடியவில்லை.

முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டவர். அப்படிப்பட்ட மண்ணில் படிக்கும் நாம் தமிழ்ப் பக்கத்தை அமைக்கத் தயங்கலாமா? ஒவ்வோர் ஆண்டும் இளைய மாணவர் இருவருக்கு இதைக் கற்றுக் கொடுப்போம். மூலக் கோப்பையும் எழுத்துருவையும் சேர்த்தே ஒப்படைப்போம்.

கொம்பு தன் இடத்தில் நிற்கிறதா என்று பார்க்கத் தமிழ் படித்த கண் வேண்டும். அந்தக் கண் நம்மிடம் இருக்கிறது.