பழைய ரிசீவரின் மொழி யாருக்குச் சொந்தம்?

விளக்கு, மின்விசிறி போன்றவற்றைத் தொலைவிலிருந்து இயக்கும் வீட்டுத் தானியக்கக் கருவிகள் இன்று பழைய பொருள் சந்தைக்கும் வந்துவிட்டன. அவற்றில் ஒன்று ரிசீவர். ரிமோட்டை அழுத்தியதும் வரும் வானொலி அலையைப் பிடித்து, கணினிக்கு எண்களாக அனுப்பும் சிறு பெட்டி அது. மாணவர்களே, அதை வாங்குமுன் விலையைவிட முக்கியமான ஒன்றைக் கேளுங்கள்: இந்தப் பெட்டி பேசும் மொழி எல்லாருக்கும் தெரிந்த மொழியா?

எக்ஸ்10 என்ற முறையைப் பாருங்கள். ஸ்காட்லாந்தின் பிக்கோ எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1975இல் உருவாக்கியது. 16 எழுத்துகள், 16 எண்கள்; ஆக 256 முகவரிகள். ‘ஏ1 விளக்கை ஏற்று’ என்ற வானொலிக் கட்டளை நான்கே பைட்டுகள்: 96, 159, 0, 255. முதல் இரண்டையும் கூட்டுங்கள், 255. அடுத்த இரண்டையும் கூட்டினால் அதே 255. ஒவ்வொரு பைட்டுக்கும் பின்னால், அதன் 0களை 1களாகவும் 1களை 0களாகவும் மாற்றிய பைட் வருவதே காரணம். கூட்டுத்தொகை தவறினால் செய்தி வழியில் கெட்டுவிட்டது என்று பொருள். வகுப்பில் படிக்கும் இரும எண்ணுக்கு இதைவிட நல்ல செய்முறை ஏது?

இந்த மொழி வெளியில் தெரிந்திருப்பதால், பழைய ரிசீவரையும் இன்றைய கணினியோடு இணைக்கலாம். சீரியல் போர்ட் இல்லையென்றால் யுஎஸ்பி மாற்றி போதும். தரவு வேகத்தைச் சரியாக அமைக்க வேண்டும்; பல எக்ஸ்10 கருவிகளுக்கு அது 4800. தவறினால் திரையில் குப்பை எழுத்துகளே வரும். ரிமோட்டும் ரிசீவரும் ஒரே அலைவரிசையில் இருக்க வேண்டும்: அமெரிக்க வகை 310 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பிய வகை 433.92. அமெரிக்க அடாப்டர் 120 வோல்ட்டுக்கு மட்டும் என்றால் நம் வீட்டுச் சுவரில் செருகவே கூடாது.

இதற்கு நேர்மாறானது ரிவால்வ் என்ற பெட்டி. விலை 300 டாலர். அந்த நிறுவனத்தை 2014இல் வாங்கிய நெஸ்ட், 2016 மே மாதம் சேவையை நிறுத்தியது. பெட்டியில் எந்தப் பழுதும் இல்லை. ஆனாலும் அது பயனற்றுப் போனது.

மொழியைத் திறந்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் நம் விளக்கை அணைத்துவிட மாட்டாரா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். எக்ஸ்10 முறையில் கடவுச்சொல்லே இல்லை. அதைக் கதவுப் பூட்டுக்குப் பயன்படுத்தக் கூடாது. ஆனால் பாதுகாப்பைத் தருவது இரகசியச் சாவி, மறைத்து வைத்த மொழி அல்ல. இணைய வங்கிச் சேவைகளைக் காக்கும் குறியாக்க முறைகள்கூட வெளிப்படையாக அச்சிடப்பட்டவைதான்.

ஆகவே, சேவையை நிறுத்தும் நிறுவனம் தன் கருவியின் மொழியை வெளியிட வேண்டும் என்று சட்டமே சொல்ல வேண்டும். மலேசியாவில் மின்னணுக் கழிவு 2005 முதல் அட்டவணையிட்ட கழிவாகக் கட்டுப்படுத்தப்படுகிறது. குப்பையான பிறகு காட்டும் அக்கறையை, குப்பையாகும் முன்பே காட்டலாமே!

தஞ்சோங் மாலிம் 1922 முதல் ஆசிரியர்களை உருவாக்கிவரும் ஊர். அன்றைய பயிற்சிக் கல்லூரிதான் இன்றைய சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம். அவ்வூர்ப் பள்ளிகளின் கணினிக் கழகங்கள் ஆளுக்கொரு பழைய ரிசீவரோடு இதைத் தொடங்கி வைக்கலாம். வேண்டியது ஒரு ரிமோட், ஒரு கணினி, 255 வருகிறதா என்று கூட்டிப் பார்க்கும் பொறுமை.