அடிக்குறிப்புகள் எங்கே போகின்றன?

தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காயும் கடல்மீனும் வாங்க வரும் தென்னிந்தியரிடையே தமிழில் ஆய்வேடு எழுதுவோரும் உண்டு. கடலே இல்லாத அந்நகருக்கு மீன் பனிக்கட்டியில் பொதிந்து குலையாமல் வந்துசேர்கிறது. அங்கிருந்து சென்னைப் பதிப்பகத்துக்கு மின்னஞ்சலில் செல்லும் ஆய்வேடு அவ்வாறு சேர்வதில்லை. வேர்டு கோப்பு நூற்பக்கமாக மாறும் இடத்தில் சாய்வெழுத்து நிமிர்ந்துவிடுகிறது. மேற்கோளின் உள்தள்ளல் மறைகிறது. மேலெழுத்தாக நின்ற அடிக்குறிப்பு எண் வரிக்குள் இறங்குகிறது. புறநானூறு 192 என்பதன் தலையில் இருந்த 3 கீழே விழுந்தால் பாட்டின் எண் 1923 ஆகிவிடும். நானூறு பாட்டுகளே உள்ள நூல் என்பதால் இப்பிழை கண்ணில் படும். பாட்டு 19-க்குப் பின் அதே 3 விழுந்தால் யார் கண்டுபிடிப்பது?

இதனை வெறும் அழகு பற்றிய குறையாகக் கருதுவது தவறு. உ.வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது பாடபேதங்களை அடிக்குறிப்பில் தனித்துக் காட்டினார். மூலம் எது, உரை எது, பதிப்பாசிரியர் சொல் எது என்பதைப் பக்கத்தின் அமைப்பே உணர்த்தியது. அவ்வமைப்பு சிதைந்தால் உரையாசிரியரின் தொடர் புலவரின் தொடராகிறது. அடுத்த ஆய்வாளர் அதனையே மேற்கோள் காட்டுவார்.

சிதைவின் வேர் எழுத்துக் குறியாக்கத்தில் உள்ளது. தமிழ் அச்சகங்கள் நெடுங்காலம் சார்ந்திருந்த பேஜ்மேக்கர் 2001-இல் வந்த 7.0 பதிப்போடு நின்றுபோனது. அது ஒருங்குறியை அறியாது. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்பது கணினிக்கு ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகளே. 1999-இல் தமிழக அரசு அறிவித்த டாம், டாப் குறியாக்கங்களும் 8 பிட் எல்லைக்குள் அடங்கியவை. இன்றைய ஆய்வாளரோ ஒருங்குறியில் தட்டச்சு செய்கிறார். அதனைப் பழைய எழுத்துருவுக்கு ஏற்ப மாற்றும்போது பெரும்பாலும் வெற்றுரை மட்டுமே எடுக்கப்படுகிறது. தடிப்பும் சாய்வும் அடிக்குறிப்பும் அங்கேயே உதிர்கின்றன. அதே உரையை மீண்டும் ஒருங்குறிக்குக் கொணர்ந்தால் ‘கௌதமன்’ சில வேளைகளில் ‘கெளதமன்’ ஆகிறார். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றும், தேடினால் கிடைக்கமாட்டார்.

இனியும் இதைப் பொறுக்கக் காரணமில்லை. 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. 2012-இல் வெளிவந்த இன்டிசைன் சி.எஸ். 6 தமிழ் ஒருங்குறியை முறையாகக் கோக்கும் வசதியைத் தந்தது. பதிப்பகங்களின் தயக்கத்தில் நியாயமே இல்லை என்பதன்று. காசு கொடுத்து வாங்கிய எழுத்துருக்கள், பல்லாண்டு பழகிய விரல்கள், பழைய கோப்புகள் ஆகியவற்றை ஒரே நாளில் கைவிட இயலாது. ஆனால் அந்தச் சிக்கனத்தின் செலவை நூலாசிரியர் மெய்ப்புத் திருத்தத்தில் மாதக்கணக்கில் கட்டுகிறார்.

ஆசிரியர் பக்கத்திலும் பிழை உண்டு, சிறிதன்று. தலைப்பைத் தடித்துப் பெரிதாக்கி, இடைவெளிப் பொத்தானைப் பத்து முறை அழுத்தி நடுவில் நிறுத்துவோரே மிகுதி. வேர்டில் தலைப்பு, மேற்கோள், செய்யுள் எனத் தனித்தனி ‘ஸ்டைல்’ வைத்து எழுதினால் கோப்பின் உறுப்புகள் பெயரோடு பயணம் செய்யும். இன்டிசைனில் ‘பிளேஸ்’ கட்டளையின்போது ‘ஷோ இம்போர்ட் ஆப்ஷன்ஸ்’ என்பதைத் தேர்ந்தால், வேர்டின் ஒவ்வொரு ஸ்டைலுக்கும் இணையான நூல் ஸ்டைலைப் பொருத்தலாம். அடிக்குறிப்புகள் அடிக்குறிப்புகளாகவே வரும். நகலெடுத்து ஒட்டினால் இயல்புநிலையில் வெற்றுரைதான் வரும். பல அறைகளில் நடப்பது இந்த ஒட்டுவேலையே. ‘வேர்ல்டு ரெடி கம்போசர்’ இயங்காவிடில் கொம்பு தன் எழுத்தை விட்டு விலகி நிற்கும். அதைக் கண்டதும் ‘ஒருங்குறி தமிழுக்கு ஒத்துவராது’ என்று தீர்ப்பு எழுதுவதும் நடக்கிறது.

முனைவர் பட்ட மாணவர்க்கு ஆய்வு நெறிமுறை பாடமாகவே வைக்கப்படுகிறது. துணைநூற்பட்டியலில் காற்புள்ளி எங்கு வரும் என்பதற்குச் செலவிடும் நேரத்தில் ஒரு பிற்பகலை இதற்கு ஒதுக்கலாம். அதுவரை, மெய்ப்பு கைக்கு வந்ததும் முதலில் தேட வேண்டியவை எழுத்துப்பிழைகள் அல்ல, வரிக்குள் விழுந்த எண்கள்.