இல்லமும் இயந்திரமும்: தகப்பனார் வைத்துப் போன ஸ்கூட்டருக்கு எந்த எண்ணெய்?

கட்கி, தேஹு ரோடு, பிம்ப்ரி முதலிய இடங்களில் குடியிருக்கும் அன்பர்கள் சிலர் ஏறக்குறைய ஒரே விதமான கேள்வியை நமக்கு அனுப்பியிருக்கிறார்கள். "எங்கள் தகப்பனார் உத்தியோகத்திலிருந்த காலத்தில் வாங்கிய பஜாஜ் சேத்தக் வண்டி வீட்டு வாசலில் நிற்கிறது. விற்க மனம் வரவில்லை, ஓட்டவும் பயமாயிருக்கிறது. எந்த எண்ணெய் ஊற்றுவது? எவ்வளவு ஊற்றுவது? அதை வைத்துக்கொள்ளத்தான் வேண்டுமா?" என்பதே அவர்கள் கேள்வியின் சாரம். இது ஒரு வண்டியைப் பற்றிய விசாரணை மட்டுமன்று. பிழைப்பை நாடி இவ்வூருக்கு வந்த நம்மவர் குடும்பங்கள் பலவற்றில், சொந்தமென்று முதன்முதலாகச் சொல்லிக்கொண்ட பெரிய பொருள் ஒரு ஸ்கூட்டராகவே இருந்தது. ஆகையால் சற்று விரிவாகவே விடை கூற விரும்புகிறோம்.

இவ்வண்டிக்கும் நமது நகருக்கும் உள்ள உறவு நெருக்கமானது. 1960ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டின் பியாஜியோ நிறுவனத்தாரின் ஒத்துழைப்புடன் பஜாஜ் நிறுவனத்தார் வெஸ்பா ஸ்கூட்டரை இந்தியாவில் செய்யத் தொடங்கினர். அந்த ஒப்பந்தம் முடிந்தபின் 1972இல் ராணா பிரதாபரின் குதிரைப் பெயரைத் தாங்கிச் சேத்தக் வெளிவந்தது. அதே 1972இல் இவ்வூரைச் சேர்ந்த கைனடிக் நிறுவனத்தார் 50 ஸிஸி லூனா மொபெட்டைக் கொணர்ந்தனர். சேத்தக் வண்டிக்குப் பணம் கட்டிவிட்டுப் பத்தாண்டு வரையிற்கூடக் காத்திருந்தவர்கள் உண்டு. 2009இன் இறுதியில் ஸ்கூட்டர் செய்வதையே கைவிடுவதாக அந்நிறுவனம் அறிவித்தது. 2020இல் மீண்டும் வந்த சேத்தக்கில் எஞ்சின் இல்லை. மின்சார மோட்டார்தான் இருக்கிறது. ஆகவே நம் வாசலில் நிற்கும் பழைய வண்டிக்கு இனி வாரிசு கிடையாது. அதை நன்றாக வைத்திருப்பதும் பாழாக்குவதும் நம் கையில்தான் உள்ளன.

முதலில், பெட்ரோலில் எண்ணெய் ஏன் கலக்கிறோம் என்பதை அறிந்துகொள்வது நலம். நான்கு-ஸ்ட்ரோக் எஞ்சினில் மசகெண்ணெய் அடித்தட்டில் தனியே தங்கியிருந்து, மீண்டும் மீண்டும் சுற்றி வந்து உராய்வைத் தடுக்கிறது. 1891இல் இங்கிலாந்தின் பாத் நகரத்து ஜோஸப் டே என்பவர் வகுத்த முறையிலமைந்த டூ-ஸ்ட்ரோக் எஞ்சினிலோ, பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை முதலில் அந்த அடிப்பகுதிக்குள் புகுந்து, பிஸ்டன் இறங்கும்போது அமுக்கப்பட்டு, அப்பால் ஸிலிண்டருக்குள் ஏறுகிறது. எண்ணெய் தங்குவதற்கு அங்கே இடமில்லை. எனவே பெட்ரோலோடு எண்ணெயும் பயணம் செய்து, போகிற வழியில் பேரிங்குகளையும் ஸிலிண்டர்ச் சுவரையும் நனைத்துவிட்டு, இறுதியில் எரிந்து புகையாகிறது. ஒருமுறை மட்டுமே பயன்பட்டு மறைகிற எண்ணெய் இது. பெட்ரோல் எவ்வளவு செல்கிறதோ அந்த அளவுக்கே எண்ணெயும் செல்லும் என்பதை நேயர்கள் நினைவில் கொள்க. பின்னே கூறப்போகும் எச்சரிக்கை ஒன்றுக்கு இதுவே அடிப்படை.

அளவைப் பற்றி இனிக் கூறுவோம். மிகப் பழைய எஞ்சின்களுக்கு 20 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய் தேவைப்பட்டது. சேத்தக் போன்ற வண்டிகளுக்கு 50க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லிலிட்டர், போதுமானது. நான்கு லிட்டர் பெட்ரோலுக்கு 80 மில்லிலிட்டர். எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் ஸிலிண்டரைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். "கொஞ்சம் கூடவே இருக்கட்டும்" என்று தாராளமாக ஊற்றுவோரும் நன்மை செய்யவில்லை. பிளக் நனையும், ஸைலென்ஸர் கரியால் அடைபடும், புகை பெருகும். அன்றியும், எண்ணெய் பிடித்துக்கொண்ட இடமளவுக்கு பெட்ரோல் குறைவதால் கலவையும் வறண்டுபோகும். மருந்தைப்போல் அளந்து ஊற்றுவதே முறை. மருந்துக் குப்பியின் அளவு மூடி ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் அதைத் திரும்ப மருந்தலமாரிக்குள் வைத்துவிடக் கூடாது.

கலக்கும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. எண்ணெய் பெட்ரோலைவிடக் கனமானது. பெட்ரோலை நிரப்பிவிட்டு மேலே எண்ணெயை ஊற்றினால், அது நேரே அடிக்கு இறங்கிக் குழாய்வாயில் தங்கிவிடும். கார்புரேட்டரின் நுண்துளைக்குள் தனி எண்ணெய் புகுந்தால், எத்தனை முறை உதைத்தாலும் வண்டி கிளம்பாது. முதலில் எண்ணெயை ஊற்றி, அதன்மேல் பெட்ரோலைப் பீய்ச்சச் செய்தால் இரண்டும் தாமே கலந்துவிடும். பின்னர் வண்டியை இரண்டு மூன்று முறை அசைத்துவிட்டால் போதும். முன்னாளில் பெட்ரோல் பங்குகளில் எண்ணெயை அளந்து ஊற்றும் சிறு கருவி இருந்தது. இப்போது அது அருகிவிட்டமையால், சிறு குப்பியில் எண்ணெயைக் கையோடு கொண்டு செல்வது அவசியம். யமஹா ஆர்எக்ஸ் 100 போன்ற வண்டிகளில் எண்ணெய்க்குத் தனித்தொட்டியும் பம்பும் உண்டு. அவற்றில் பெட்ரோலோடு கலக்க வேண்டியதில்லை; ஆனால் அத்தொட்டி ஒருநாளும் வறளலாகாது.

எந்த எண்ணெய்? டின்னின் முகப்பிலுள்ள படத்தைப் பார்க்காமல், பின்புறத்திலுள்ள சிறிய எழுத்துக்களைப் படிக்கவேண்டும். '2டி' என்ற குறியோடு, ஜப்பானியர் வகுத்த 'ஜாசோ' தரக்குறியும் அங்கே இருக்கும். எஃப்பி என்பது அடிப்படைத் தரம். எஃப்சி என்பது புகை குறைந்த தரம். எஃப்டி என்பது அதோடு கரியை இன்னும் நன்றாகத் துடைப்பது. நமது ஸ்கூட்டருக்கு எஃப்சி போதும். எஃப்டி கிடைத்தால் மிகவும் நலம். கார் எஞ்சினுக்கு வாங்கிய எண்ணெய் மீந்துவிட்டதென்று அதைப் பெட்ரோலில் கலப்பது பெருந்தவறு. அதிலுள்ள உலோகக் கூட்டுப்பொருள்கள் எரிந்து சாம்பலாகிப் பிளக்கின் முனையில் படியும். 'டிசி-டபிள்யூ3' என்று குறித்த எண்ணெய் மீன்பிடிப் படகுகளில் பொருத்தும் எஞ்சினுக்கானது. அந்த எஞ்சின் தண்ணீரால் குளிர்விக்கப்படுவதால் அத்தனை சூடேறுவதில்லை. காற்றால் மட்டுமே குளிரும் நம் ஸ்கூட்டருக்கு அது ஏற்றதன்று.

கனடா, பின்லாந்து முதலிய குளிர்நாடுகளுக்குச் சென்றுள்ள நம் பிள்ளைகள் ஸ்னோமொபைல் என்னும் பனித்தரை வண்டியைப் பற்றி எழுதக்கூடும். 1959இல் கனடாவின் க்யூபெக் மாகாணத்தில் பாம்பார்டியே என்பவர் ஸ்கி-டூ என்ற பெயரில் அதைப் பரவச் செய்தார். அவற்றுள் பலவற்றிலும் இருப்பது நமது ஸ்கூட்டரிலுள்ளதைப் போன்ற டூ-ஸ்ட்ரோக் எஞ்சினே. அங்கே உறைபனிக் குளிரிலும் கெட்டியாகாமல் ஓடுகிற எண்ணெயைத் தேடுகிறார்கள். நமக்கு அக்கவலை இல்லை. சித்திரை வெயிலில் லக்ஷ்மி ரோடு நெரிசலில் நகர்ந்து செல்லும்போது கரி படியாத எண்ணெயே நமக்கு வேண்டும். எஞ்சின் ஒன்றேயாயினும் எண்ணெயைத் தீர்மானிப்பது ஊரின் தட்பவெப்பம் என்பதற்கு இது நல்ல சான்று.

கியர் பெட்டியின் எண்ணெய் வேறு என்பதைப் பலர் அறியார். சேத்தக்கில் அதற்கு எஸ்ஏஇ 30 தரத்து எண்ணெய் சுமார் 250 மில்லிலிட்டர் பிடிக்கும். கிளட்ச்சும் அதிலேயே மூழ்கியிருப்பதால், உராய்வைக் குறைப்பதற்கென்று கூட்டுப்பொருள் சேர்த்த கார் எண்ணெயை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். இந்த எண்ணெய் ஒரு நோய்க்குறியையும் காட்டும். வெளியே ஒழுகாமலே கியர் எண்ணெய் குறைந்து, வெண்புகையும் மிகுந்தால், உட்புறத்து ஆயில் ஸீல் தேய்ந்து எஞ்சின் அந்த எண்ணெயைக் குடிக்கிறது என்று பொருள். மாறாக, பிளை வீல் பக்கத்து ஸீல் தேய்ந்தால் புகை தோன்றாது. காற்று உட்புகுந்து கலவை வறண்டு, எஞ்சின் தன்னிச்சையாக வேகமெடுத்து இரையும். இரண்டாவதே மிக்க அபாயமானது. பத்தாண்டு நின்ற வண்டியை மீண்டும் ஓட்ட நினைப்பவர்கள் எல்லாவற்றிற்கும் முன்பாக இவ்விரு ரப்பர் வளையங்களையும் மாற்றிவிட வேண்டும்.

இனி, நாம் மிகவும் வற்புறுத்த விரும்பும் எச்சரிக்கை. நமது ஊரைச் சுற்றிலும் மலைச்சரிவுகள்: காத்ரஜ், திவே, கண்டாலா. விரைவுச்சாலையில் இருசக்கர வண்டிகளுக்கு அனுமதி இல்லாததால், மும்பை செல்வோர் கண்டாலாவிலிருந்து கோபோலிக்குப் பழைய சாலை வழியாகவே இறங்கவேண்டும். இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை முற்றிலும் மூடிவிடுவது இயல்பு. அப்போது சக்கரம் எஞ்சினை வேகமாகச் சுழற்றுகிறது. உள்ளே செல்லும் பெட்ரோலோ சொற்பம். பெட்ரோல் சொற்பமானால் எண்ணெயும் சொற்பமே. நெடும் இறக்கம் முழுவதும் இவ்வாறு சென்றால் பிஸ்டன் இறுகிப் பின்சக்கரம் சட்டென்று நின்றுவிடும். பின்னால் மனைவியோ குழந்தையோ அமர்ந்திருக்கையில் இது நேர்ந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்வீடன் நாட்டு ஸாப் நிறுவனத்தார் தங்கள் டூ-ஸ்ட்ரோக் கார்களில், ஆக்ஸிலேட்டரை விட்டதும் சக்கரம் எஞ்சினைச் சுழற்றாதபடி ஓர் அமைப்பை வைத்ததற்கு இதுவே காரணம். நம் ஸ்கூட்டரில் அந்த அமைப்பு இல்லை. அதற்காக நியூட்ரலில் உருட்டி இறங்கவும் கூடாது. சிறிய டிரம் பிரேக்குகள் சூடேறிச் செயலிழக்கும். தாழ்ந்த கியரில் மெதுவாக இறங்கி, சிறிது தூரத்துக்கு ஒருமுறை ஆக்ஸிலேட்டரைச் சற்றுத் திருகி எஞ்சினுக்கு எண்ணெய் ஊட்டுவதே சரியான வழி. ஓசை மாறி இழுவை குறைவதுபோல் தோன்றினால் கணமும் தாமதியாமல் கிளட்சைப் பிடித்து ஓரமாக நிறுத்துக. தானாக ஆறட்டும், தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

இன்றைய பெட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025ஆம் ஆண்டு முதல் நம் நாட்டுப் பங்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலே பொதுவாகக் கிடைக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஆடி, ஆவணி மழைக்காலத்தில் வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில் நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கக்கூடும். அதில் எண்ணெய் கரையாது. முதல் உதையில் எஞ்சினுக்குள் செல்வது எண்ணெயற்ற அந்த அடித்தண்ணீரே. மேலும் எத்தனால் பழைய ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் அரிக்கும். கலவையையும் சற்று வறளச் செய்யும். ஆகையால் குழாய்களை மாற்றி, கார்புரேட்டரைத் தேர்ந்த மெக்கானிக்கைக் கொண்டு திருத்திக்கொள்க. கோடை விடுமுறைக்கு ஊருக்குச் செல்பவர்கள் பெட்ரோல் குழாயை மூடி, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு, பிளக்கைக் கழற்றி ஒரு தேக்கரண்டி 2டி எண்ணெயை உள்ளே விட்டு, இரண்டு முறை மெல்ல உதைத்துவிட்டுச் செல்லவேண்டும். திரும்பி வந்ததும் பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிதாகக் கலந்து ஊற்றுவது உத்தமம்.

ஆண்டுக்கொருமுறை ஸிலிண்டர் தலையையும் பிஸ்டன் முகத்தையும் புகைவாயையும் ஸைலென்ஸரையும் கரி நீக்கச் செய்க. பிளக்கின் இடைவெளி 0.6 மில்லிமீட்டர். அதன் முனை காப்பிப் பொடி நிறத்திலிருந்தால் எஞ்சின் சுகமாயிருக்கிறது. வெளுத்திருந்தால் கலவை வறண்டது. கறுத்து ஈரமாயிருந்தால் எண்ணெய் அதிகம்.

எஞ்சியது, வைத்துக்கொள்ளலாமா என்னும் கேள்வி. இவ்வெஞ்சினில் உட்புகும் வாயும் வெளியேறும் வாயும் ஒரே சமயத்தில் திறந்திருப்பதால், பெட்ரோலில் ஒரு பகுதி எரியாமலே வெளியேறுகிறது. பின்னால் நிற்கும் பள்ளிப் பிள்ளையின் மூச்சில் அது கலக்கிறது என்பதை மறைப்பதற்கில்லை. 2000ஆம் ஆண்டு மார்ச் முடிவுக்கு முன் செய்த வண்டிகளின் புகையில் கார்பன் மோனாக்ஸைடு 4.5 சதவீதத்துக்கும், எரியாத ஹைட்ரோகார்பன் 9,000 பிபிஎம் அளவுக்கும் மிகாதிருக்கவேண்டுமென்று விதி இருக்கிறது. பதினைந்தாண்டு கடந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கொருமுறை பதிவைப் புதுப்பிக்கவும் வேண்டும். இவற்றைச் செவ்வனே நிறைவேற்றி, அளந்து எண்ணெய் ஊற்றி, வாரம் ஒருமுறை ஓட்டத் தயாராயிருப்பவர்கள் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். தினந்தோறும் அலுவலகம் செல்வதற்கு அதையே நம்பவேண்டாம். அதற்கு இப்போது நல்ல வண்டிகள் உள்ளன. கவனிக்க நேரமில்லாதவர்கள், அதைப் பேணத் தெரிந்தவர் கையில் ஒப்படைப்பதே தகும். மழையிலும் வெயிலிலும் துருப்பிடிக்க விட்டுவிட்டு, நினைவுச் சின்னம் என்று பெயர் சொல்லிக்கொள்வது தகப்பனாருக்கும் பெருமையன்று, வண்டிக்கும் பெருமையன்று.