ஓடும்போது தெரியாத பிழை

தியானப் பகுதி: 1 சாமுவேல் 1:9–18



ஆலய வாசலில் நிற்கும் என் பழைய காரை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். இருபது ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் வண்டி அது. கடந்த மழைக்காலத்தின் முடிவில் அதற்கு ஒரு நடுக்கம் கண்டது. சி.டி.எச். சாலையில் ஓடும்போது ஒரு குறையும் தெரியாது. அம்பத்தூர் எஸ்டேட் சிக்னலில் நின்றால் போதும், ஸ்டியரிங் அதிரும். எஞ்சின் விக்கி விக்கிச் சில வேளைகளில் அணைந்தே போகும்.

ஒரு பணிமனையில் ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார்கள். நடுக்கம் நிற்கவில்லை. இன்னொரு இடத்தில் இன்ஜெக்டர்களைச் சுத்தம் செய்தார்கள். அதிலும் மாற்றமில்லை. "ஃபியூயல் பம்ப் போயிருக்கும்" என்றார் ஒருவர். "இப்போது வருகிற எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம்" என்றார் மற்றொருவர். "பழைய வண்டி ஐயா, விற்றுவிடுங்கள்" என்பது மூன்றாமவரின் தீர்ப்பு. இவற்றில் எதுவும் நடக்கக்கூடாத காரியமன்று. தேய்ந்த பிளக் எஞ்சினைத் தடுமாறச் செய்யும்; எத்தனால் பழைய ரப்பர் குழாய்களைப் பாதிப்பதும் உண்டு. ஆனால் அவர்களில் ஒருவரும் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பதில் முதலிலேயே ஆயத்தமாக இருந்தது.

கடைசியாக, நம் சபையைச் சேர்ந்த சகோதரர் ஒருவரிடம் போனேன். அவர் பானெட்டைத் திறக்கவேயில்லை. "ஐயா, எப்போ மிஸ்ஸிங் அடிக்குது? நிக்கும்போதா, ஓடும்போதா? காலையில ஸ்டார்ட் பண்ண உடனேயா, சூடானப்புறமா? ஏ.சி. போட்டா அதிகமாகுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு என்னையே ஓட்டச் சொல்லி அருகில் அமர்ந்து பாடி மேம்பாலம்வரை வந்தார். மேட்டில் ஏறும்போது எஞ்சின் தடுமாறவில்லை. "பாரம் ஏத்தும்போது விக்கலைன்னா காயில், பிளக், பெட்ரோல் பிரஷர் மேல எனக்குச் சந்தேகம் குறையுது" என்றார்.

திரும்பி வந்தபின், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே நான்கு இன்ஜெக்டர்களின் இணைப்புகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். ஒவ்வொன்றைக் கழற்றும்போதும் எஞ்சின் இன்னும் தளர்ந்தது. எதைக் கழற்றினாலும் வித்தியாசம் தெரியாதோ, அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யாதது. இங்கே நான்குமே தங்கள் பங்கைச் செய்தன. அதற்குப் பிறகு காதைத் தாழ்த்திச் சற்று நேரம் கேட்டார். எஞ்சினின் பின்புறம் கைவிட்டு ஒரு ரப்பர் குழாயை விரலால் அழுத்திப் பிடித்தார். நடுக்கம் நின்றது. கையை எடுத்தார், மீண்டும் தொடங்கியது. குழாயின் அடிப்புறத்தில், மேலிருந்து பார்த்தால் தெரியாத ஒரு வெடிப்பு! புதிய குழாயின் விலை இருநூறு ரூபாய்க்கும் குறைவு.

நிற்கும்போது மட்டும் அது ஏன் நடுங்கியது என்று கேட்டேன். அவருடைய விளக்கத்தை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன். 1998-இல், பூந்தமல்லிக்கு மேற்கேயுள்ள இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து சான்ட்ரோ வெளிவந்த காலத்தில்தான் எம்.பி.எஃப்.ஐ. என்ற சொல் நம் பகுதி மெக்கானிக் கடைகளில் பழகத் தொடங்கியது. அதுவரை கார்பரேட்டரைத் திருகி எஞ்சினின் ஓட்டத்தைச் சரிசெய்து வந்தவர்களுக்கு, அந்தப் பொறுப்பை ஒரு சிறு கணினி எடுத்துக்கொண்டது புதுமையாக இருந்தது. எடைக் கணக்கில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற அளவைச் சுற்றியே அது கலவையை நிதானிக்கிறது. வண்டி நிற்கும்போது காற்று செல்லும் வாசல் ஏறக்குறைய மூடியிருப்பதால், எஞ்சின் பலமாக உறிஞ்சும். வெடிப்பின் வழியே வேண்டாத காற்று நுழைந்து கலவையைக் கெடுக்கும். வேகமாக ஓடும்போது உள்ளே பாயும் காற்று மிகுதி. அந்தப் பெருக்கத்தில் இந்தச் சிறு கசிவு ஒரு பொருட்டாவதில்லை. பிழை அப்போதும் இருக்கிறது, தெரிவதில்லை, அவ்வளவுதான்.

அவர் சொன்ன இன்னொன்று என்னை அன்றிரவு உறங்கவிடவில்லை. புகைக்குழாயில் உள்ள ஆக்ஸிஜன் சென்சார், காற்று மிகுந்திருப்பதை அறிவிக்கும். உடனே கணினி பெட்ரோலைச் சிறிது கூட்டிச் சமாளிக்கும். கசிவு பெருகப் பெருக அதுவும் கூட்டிக்கொண்டே போகும். இனிக் கூட்ட இயலாது என்ற எல்லையைத் தொட்டபின்னரே பல வண்டிகளில் செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. அப்போதும் சிலர் சென்சாரையே மாற்றிவிடுகிறார்கள். உண்மையைச் சொன்ன சாட்சியைத் தண்டித்துவிட்டு, குற்றவாளியை விட்டுவிடுவதற்கு ஒப்பான செயல் அது.

பிரியமானவர்களே, சீலோவின் ஆலயத்தில் அன்னாள் நின்றதை நினைத்துப் பாருங்கள். ஆண்டுதோறும் தன் வீட்டாருடன் பண்டிகைக்கு வந்தவள் அவள். உடன்வந்த பெனின்னாளின் ஏளனத்தையும், பிள்ளையில்லாத வேதனையையும் ஆண்டுக்கணக்கில் உள்ளே சமாளித்தவள். சமாளிக்க இயலாத ஒரு நாளில் அவள் உதடுகள் அசைந்தன, சத்தமோ வெளிவரவில்லை. அதைப் பார்த்த ஆசாரியனாகிய ஏலி, அவள் குடித்திருக்கிறாள் என்று தீர்த்துவிட்டார். அவர் கண்ட அறிகுறி மெய். அவர் செய்த முடிவோ பொய். அன்னாள் தன் மனவேதனையைச் சொல்லி மறுத்தபின்னரே அவருடைய வாயிலிருந்து ஆசீர்வாதம் வந்தது.

நான் ஏலியைக் குறைகூற எழுதவில்லை. அதே பிழையைச் செய்தவன் நான். இதைச் சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு, அவரை அடையாளம் காட்டும் விவரங்களை விலக்கி எழுதுகிறேன். பாடகர் குழுவில் பாடிவந்த ஒருவர், சில மாதங்களாகப் பிரசங்க வேளையில் உறங்கலானார். சபைக் கூட்டத்தில் சிறிய காரியத்துக்கும் சினந்தார். பாடகர் குழுவை விட்டார். "ஆவிக்குரிய அனல் குறைந்துவிட்டது" என்று சிலர் சொன்னார்கள். நானும் அப்படியே எண்ணினேன். ஒரு ஞாயிறன்று, ஆலயத்தில் உறங்குகிறவர்களைக் குறித்து, பெயர் சொல்லாமல், ஆனால் அவருக்குப் புரியும்படி பிரசங்கித்தேன். அடுத்த வாரத்திலிருந்து அவர் வரவில்லை. என் கணிப்பு உறுதியாயிற்று என்றே நினைத்தேன்!

நான்கு மாதங்கள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். தொழிற்சாலையில் வேலை நாட்கள் குறைந்திருந்தன. மகளின் திருமணக் கடனுக்காக, ஒருவருக்கும் தெரியாமல் அவர் இரவுக் காவல் வேலைக்குப் போய்வந்தார். சனி இரவு முழுவதும் கண்விழித்து, ஞாயிறு காலை வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே ஆலயத்துக்கு வந்திருந்தார். என் பிரசங்கத்தில் உறங்கிய அந்த மனிதர், அன்று ஆலயத்தில் இருந்த அனைவரையும்விட அதிக விலை கொடுத்து அங்கே வந்து உட்கார்ந்தவர். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், ஐயா" என்றார். அந்த வார்த்தையை நான் இன்றுவரை சுமக்கிறேன்.

ஆகவே என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். நம் சபைகளில் ஆயத்தமான தீர்ப்புகள் மிகுந்துவிட்டன. "பின்மாற்றம்", "விசுவாசக் குறைவு", "சாபக்கட்டு" என்று பெயரிடுகிறோம்; உடனே ஒருவரைப் பொறுப்பிலிருந்து நீக்குகிறோம், அல்லது ஓர் உபவாச ஜெபத்தை நியமிக்கிறோம். உபவாசமும் ஒழுங்கு நடவடிக்கையும் நல்லவையே. நல்ல பிளக்கும் நல்லதுதான். பழுது வேறிடத்தில் இருக்கும்போது அதனால் பயன் ஒன்றுமில்லை. காரியத்தைக் கேட்டறியுமுன் பதில் சொல்வதை மதியீனம் என்றும் அவமானம் என்றும் நீதிமொழிகள் 18:13 எண்ணுகிறது.

"அப்படியானால் பாவத்தைப் பாவமென்று சொல்லவே கூடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். சொல்லவேண்டும். அன்னாளை அவசரமாகக் கடிந்த அதே ஏலி, பலிகளை அவமதித்த தன் குமாரராகிய ஓப்னியையும் பினெகாஸையும் அடக்காமல் விட்டார். பழுதில்லாத இடத்தில் கைவைப்பதும், பழுதுள்ள இடத்தைத் தொடாமல் விடுவதும் ஒரே குறைபாட்டின் இரு முகங்கள். எஞ்சின் மிஸ்ஸிங் அடிக்க அடிக்கத் தொடர்ந்து ஓட்டினால், எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் அழித்துவிடும். பொறுமையாகக் கேட்கவேண்டும் என்பது காலந்தாழ்த்த அனுமதியன்று. நான் நான்கு மாதங்கள் தாழ்த்தினேன்.

ஞாயிறு காலையில் நாம் அனைவரும் நெடுஞ்சாலை வேகத்தில் இருக்கிறோம். நல்ல உடை, உரத்த பாடல், "ஸ்தோத்திரம் ஐயா" என்ற புன்னகை. அந்த வேகத்தில் எவருடைய கசிவும் தெரியாது. திங்கட்கிழமை இரவில், வேலை முடிந்து, விளக்கின் கீழ் ஒரு குடும்பம் ஓய்ந்து உட்காரும் வேளையில் போய்ப் பாருங்கள். அங்கேதான் நடுக்கம் கேட்கும்.

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலும், 1964-இல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் உழைத்து ஓய்வுபெற்றவர்கள் நம் நடுவில் இருக்கிறீர்கள். பழுதைக் கண்டுபிடிக்காமல் பாகத்தை மாற்றலாகாது என்பதை நான் உங்களுக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. இயந்திரத்துக்கு நீங்கள் காட்டிய அந்தப் பொறுமையை, பக்கத்து இருக்கையில் காணாமற்போன சகோதரனுக்கும் சகோதரிக்கும் காட்டுங்கள் என்றே கேட்கிறேன். இந்த வாரம் ஒரு வீட்டுக்குப் போங்கள். ஆலோசனை எதையும் கொண்டுபோகாதீர்கள். "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு, பதில் முடியும்வரை காத்திருங்கள்.

ஜெபம்: எங்கள் உள்ளத்தை ஆராய்ந்து அறிகிற ஆண்டவரே, தீர்ப்பிட விரையும் எங்கள் நாவை அடக்கும். கேட்கும் செவியை எங்களுக்குத் தாரும். நாங்கள் தவறாகக் கணித்து விலக்கியவர்களிடம் திரும்பிப் போகும் தாழ்மையையும் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம், நல்ல பிதாவே. ஆமென்.