தகுதி, திறமை, விசா



2025 செப்டம்பர் 19 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப் ஓர் அறிவிப்பில் கையெழுத்திட்டார். வெளிநாட்டிலிருந்து எச்-1பி விசாவில் புதிதாக ஆள் எடுக்கும் கம்பெனி, ஒரு ஆளுக்கு 1,00,000 டாலர் கட்ட வேண்டும் என்றது அது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 88 லட்சம் ரூபாய். மறுநாள் பத்திரிகைகள் ஒப்பாரி வைத்தன. சில பேர் 'நல்லதாப் போச்சு, இனி நம்ம மூளையெல்லாம் நம்ம நாட்டுலயே இருக்கும்' என்று தேறுதல் சொன்னார்கள்.

அந்த வாரம் நடந்த படிப்பு வட்டத்தில், இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கும் தம்பி ஒருவர் எழுந்து கேட்டார்: "அண்ணே, எங்க தெருவுல மொதமொத இன்ஜினியரிங் படிக்கிறவன் நான். எங்கப்பா கொத்தனார். பத்து வருஷம் துபாய்ல கட்டடம் கட்டுனாரு. அவரு போனப்ப யாரும் மூளை போயிடுச்சுன்னு அழுவல. இப்ப நான் போற நேரத்துல கேட்டைச் சாத்துறாங்க. மூளை மூளைங்கிறாங்களே, அது யாரு மூளைண்ணே?"

கூட்டத்தில் யாருக்கும் உடனே பதில் வரவில்லை. அந்தத் தம்பிக்கான பதிலாகவே இந்தத் தலையங்கத்தை எழுதுகிறோம்.

கடல் கடந்து போவது நமக்குப் புதிதல்ல. 'கடல் தாண்டினால் தீட்டு' என்று சாஸ்திரம் பேசிக்கொண்டு சிலர் ஊரில் உட்கார்ந்திருந்த 19ஆம் நூற்றாண்டிலேயே, நம் பாட்டன் பாட்டிகள் கங்காணியின் பின்னால் இலங்கைக்கும் மலாயாவுக்கும் போனார்கள். காட்டை அழித்துக் காப்பியும் தேயிலையும் ரப்பரும் விளைவித்தார்கள். மலைச்சரிவில் மண் சரியாமல் செடி வைக்கத் தெரிந்தவர்களை, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கத் தெரிந்தவர்களை, வரலாறு 'கூலிகள்' என்று ஒற்றைச் சொல்லில் எழுதி வைத்தது. திறமை என்ற சொல் அவர்கள் பக்கம் வரவே இல்லை.

சுதந்திர இந்தியாவும் அந்தக் கணக்கை மாற்றவில்லை. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் வந்த பிறகு பாஸ்போர்ட்டே இரண்டு சாதியானது. பத்தாம் வகுப்பு தேறாதவர் வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குப் போக வேண்டுமென்றால், அரசாங்கத்திடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும். பட்டம் வாங்கியவருக்கு அந்தத் தொல்லை இல்லை. பாதுகாப்புக்காகத்தான் என்றார்கள். சரி, இருக்கட்டும். ஆனால் 2018 ஜனவரியில் என்ன செய்தார்கள்? படிக்காதவர்களின் பாஸ்போர்ட்டுக்கு ஆரஞ்சு நிற அட்டை போடப் போவதாக அறிவித்தார்கள். தூரத்தில் வரும்போதே யார் என்று தெரிய வேண்டுமாம்! எதிர்ப்பு கிளம்பியதும் அதே மாதக் கடைசியில் கைவிட்டார்கள். அந்த யோசனை எந்தப் புத்தியில் இருந்து வந்தது என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கழுத்தில் கலயமும் இடுப்பில் துடைப்பமும் கட்டச் சொன்ன அதே புத்திதான்.

இப்போது இன்னொரு வரிசைக்கு வருவோம். 1990 என்ற ஒரு வருஷத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 7இல் பிரதமர் வி.பி.சிங் மண்டல் குழுப் பரிந்துரையை அமல்படுத்தப் போவதாக அறிவித்தார். 'தகுதி போச்சு, திறமை போச்சு' என்று வட இந்தியத் தெருக்களில் தீ வைத்துக்கொண்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் புதிய குடிவரவுச் சட்டம் கையெழுத்தானது. எச்-1பி விசா இன்றைய வடிவத்தைப் பெற்றது அதில்தான். ஆண்டுக்கு 65,000 பேர் என்று உச்சவரம்பு வைத்தார்கள். மறு வருஷம் 1991இல் இங்கே புதிய பொருளாதாரக் கொள்கை. அரசாங்க வேலை சுருங்க ஆரம்பித்தது. இடஒதுக்கீடு இல்லாத தனியார் துறை வீங்க ஆரம்பித்தது.

இந்த மூன்றையும் யாரோ ஒரே அறையில் உட்கார்ந்து திட்டம் போட்டார்கள் என்று நாம் சொல்லவில்லை. விளைவைப் பாருங்கள். பிற்படுத்தப்பட்டவரும் தலித்தும் அரசாங்க ஆபீஸ் படியில் கால் வைக்கும் நேரத்தில், வசதியும் இங்கிலீசும் கைவசம் இருந்தவர்களுக்கு வேறு இரண்டு வாசல்கள் திறந்தன. ஒன்று சாஃப்ட்வேர் கம்பெனி. இன்னொன்று விசா. 2000ஆம் ஆண்டுக் கணிப்பொறிச் சிக்கலைச் சரிசெய்ய ஆள் தேவைப்பட்டபோது அந்த உச்சவரம்பு 1,15,000 ஆனது. 2001 முதல் 2003 வரை 1,95,000 ஆக ஏறியது. அடுத்த ஆண்டே பழைய 65,000க்கு இறங்கியது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மேல்பட்டம் பெற்றவர்களுக்கென்று பிறகு 20,000 சேர்த்தார்கள். சமீப ஆண்டுகளில் அங்கீகரிக்கப்பட்ட எச்-1பி மனுக்களில் பத்துக்கு ஏழு இந்தியாவில் பிறந்தவர்களுடையவை.

அந்த ஏழு பேரும் யார்? 2003இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு, அமெரிக்காவில் இருக்கும் இந்தியர்களில் தலித்துகளும் பிற கீழ்நிலைச் சாதியினரும் சேர்ந்து 1.5 சதவீதம்தான் என்றது. நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. இவர்கள்தான் 'இந்தியாவின் மூளை'. இந்த மூளைக்குத் தீனி போட்டது யார் பணம்? 1959இல் சென்னையில் ஐ.ஐ.டி. தொடங்கினார்கள். ஐ.ஐ.டி.க்களில் தலித், பழங்குடி மாணவருக்கு இடஒதுக்கீடு வந்தது 1973இல். இடையில் ஒரு தலைமுறையே, தீப்பெட்டிக்குக்கூட நாம் கட்டிய வரியில் படித்துவிட்டுக் கப்பல் ஏறிவிட்டது. அதற்குப் பெயர் தகுதி.

இன்னொரு கூத்தையும் கேளுங்கள். அமெரிக்காவில் சிறுபான்மையினரின் தொழில்களுக்கு அரசாங்க ஒப்பந்தங்களில் சலுகை தரும் திட்டம் ஒன்று உண்டு. கறுப்பின மக்கள் ரத்தம் சிந்திப் பெற்ற உரிமை அது. அங்கே குடியேறிய இந்தியர்களின் அமைப்பு ஒன்று, எங்களையும் அதில் சேருங்கள் என்று மனுப்போட்டு, 1982இல் சேர்ந்துகொண்டது. அங்கே போனால் சலுகை உரிமையாகிவிடுகிறது; இங்கே நாம் கேட்டால் தகுதி கெட்டுவிடுகிறது. நல்லா இருக்கு நியாயம்!

'சரி, படிச்சா நீங்களும் போகலாமே, யார் தடுத்தா?' என்பார்கள். தடுப்பது யார் என்று பார்ப்போம். மேல்படிப்புக்கு வெளிநாடு போகக் கல்விக் கடன் வேண்டும். ஏழரை லட்சத்துக்கு மேல் என்றால் வங்கி சொத்து ஜாமீன் கேட்கும். சேரியில் நத்தம் பட்டாகூட இல்லாத வீட்டுப் பிள்ளை எதைக் கொண்டுபோய் வைக்கும்? செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையின் பேரில், 1892இல் நமக்கென்று பஞ்சமி நிலம் ஒதுக்கினார்கள். 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் காலகாலமாகச் சொல்லிவரும் கணக்கு. அந்த நிலம் இப்போது யார் கையில்? அதை மீட்கப் போய்த்தானே 1994 அக்டோபர் 10இல் காரணையில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள்? பறித்துக்கொண்ட நிலத்தை ஜாமீன் வைத்துத்தான் எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் விமானம் ஏறியிருக்கும். பறிகொடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்த்து 'உனக்குத் திறமை போதல' என்கிறார்கள்.

நிலம் இல்லாமலும் நம் பிள்ளைகள் படித்தார்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிக் கட்டணச் சலுகையும், 2012இல் வந்த அரசாணை 92உம் எத்தனையோ பேரை இன்ஜினியரிங் கல்லூரி வாசலுக்குக் கொண்டுவந்தன. 2017இலேயே நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு உதவித்தொகையைக் குறைத்துவிட்டார்கள். படித்து முடித்துக் கம்பெனிக்குப் போனால் 'உங்க அப்பா என்ன பண்றாரு?' என்ற கேள்வி. தகுதிதான் முக்கியம் என்று பேசும் மேலாளர்களே குடும்பப் பின்னணியை விசாரித்துத்தான் ஆள் எடுக்கிறார்கள் என்பதை சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் 2007இல் ஓர் ஆய்வில் எழுதிக்காட்டினார்கள். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களில் நம் ஆட்கள் இல்லாமலா இருக்கிறார்கள்? விடியும்முன் போய் கக்கூஸ் கழுவி, தரை துடைத்துவிட்டு வருகிறார்களே, அந்தக் காண்ட்ராக்ட் பெண்கள் யார்? அங்கே மட்டும் யாரும் கேட்காமலே நூறு சதவீத இடஒதுக்கீடு.

இத்தனையும் தாண்டிப் போய்ச் சேர்ந்த நம் தோழர்களுக்கு அங்கே என்ன காத்திருக்கிறது? விசா கம்பெனியின் கையில். வேலை போனால் 60 நாளுக்குள் வேறு கம்பெனி பிடிக்க வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். நிரந்தரக் குடியிருப்பு அட்டையில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்று வரம்பு இருப்பதால் இந்தியர்களுக்குப் பல பத்தாண்டுக் காத்திருப்பு. மேலாளரும் இந்தியர், பக்கத்து நாற்காலியும் இந்தியர் என்றால், சாதி தெரிந்துவிடுமோ என்ற பயமும் வேலை போய்விடுமோ என்ற பயமும் ஒன்றாகிவிடும். இவர் யார் என்று தெரிந்துகொள்ள முதுகைத் தட்டிப் பூணூல் தேடும் பழக்கம் அங்கேயும் இருப்பதாக நம்மவர்கள் சொல்கிறார்கள்.

2020 ஜூனில் கலிபோர்னியா அரசின் சிவில் உரிமைத் துறை சிஸ்கோ கம்பெனி மீது வழக்குத் தொடுத்தது. ஒரு தலித் இன்ஜினியர் ஐ.ஐ.டி.யில் இடஒதுக்கீட்டில் சேர்ந்தவர் என்பதை அவருடைய மேலாளர் சக ஊழியர்களிடம் சொன்னார், அதன் பிறகு பாகுபாடு நடந்தது என்பது புகார். கம்பெனி மறுத்தது. 2023 ஏப்ரலில் இரண்டு மேலாளர்கள் மீதான வழக்கை மட்டும் அரசு திரும்பப் பெற்றது. வழக்கு எப்படியும் போகட்டும். சாதி என்ற சொல் அந்த நாட்டின் கோர்ட்டுக்குள் நுழைந்துவிட்டது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நகரம் அதுதான். அதே ஆண்டு கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை அக்டோபரில் ஆளுநர் நியூசம் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பினார். அந்த மசோதாவை எதிர்த்துக் கூடியவர்கள், நிற வெறியால் நாங்கள் பாதிக்கப்படுகிறோம் என்று முறையிடும் அதே நம் நாட்டவர்கள்தான். வெள்ளைக்காரன் செய்தால் பாகுபாடு. தான் செய்தால் பண்பாடு.

தம்பி, இதெல்லாம் கேட்டுவிட்டு 'அப்ப போகவேண்டாமா' என்று கேட்காதீர்கள். 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் அம்பேத்கர் நியூயார்க் போனார். போகாமல் இருந்திருந்தால் நமக்கு எவ்வளவு நஷ்டம்! 1917இல் திரும்பி வந்து பரோடாவில் வேலையில் சேர்ந்தவருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். பம்பாய் ரயில் வரும்வரை ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்தார். கொலம்பியாவின் படிப்பு அவருக்கு ஒரு ராத்திரி தங்க இடம் வாங்கித் தரவில்லை. இந்த அனுபவங்களை எழுதியபோது 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்றுதான் அவர் தலைப்பு வைத்தார். சொந்த நாட்டில் ஊருக்குள் நுழைய விசா! இன்றும் அந்த வரிசையில்தான் நிற்கிறோம். அமெரிக்கத் தூதரகத்தின் வரிசை அதற்குப் பிறகுதான்.

ஆகவே போகிறவர்கள் போங்கள். துரோகி என்று யாராவது சொன்னால், உங்கள் அப்பன் பாட்டன் போனபோது எங்கே இருந்தாய் என்று திருப்பிக் கேளுங்கள். போய்ச் சேர்ந்த இடத்தில், பேசக்கூடிய நிலை வந்த அன்று பேசுங்கள். பயத்தில் பெயரை மறைத்து வாழ்கிறவர்களை நாம் பழிக்கமாட்டோம். மறைக்க வைத்தவர்களைத்தான் கேள்வி கேட்போம்.

ஆனால் இயக்கத்தின் வேலை விமானம் ஏறுகிற நாலு பேரை வழியனுப்புவதோடு முடிந்துவிடாது. தனியார் துறையில் இடஒதுக்கீட்டுக்குச் சட்டம் வேண்டும். அரசு நிலமும் வரிச்சலுகையும் வாங்கும் சாஃப்ட்வேர் கம்பெனிகள், எந்தச் சாதியில் எத்தனை பேரை எந்தப் பதவியில் வைத்திருக்கிறோம் என்று கணக்குக் காட்ட வேண்டும். வெளிநாட்டுப் படிப்புக்கான மத்திய அரசின் தேசிய உதவித்தொகைத் திட்டத்தில், இந்தியச் சமூகம், வரலாறு, பண்பாடு பற்றி ஆராய விரும்பும் நம் பிள்ளைகளுக்கு இடமில்லை என்று 2022இல் விதி போட்டார்கள். கணிப்பொறி படிக்கலாம், சாதியை ஆராயக் கூடாதாம். அந்த விதியை எடுத்தாக வேண்டும். நம் பிள்ளைகளின் கல்விக் கடனுக்கு அரசே ஜாமீன் நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் அடியில், பஞ்சமி நிலம் திரும்பி வர வேண்டும்.

யாரு மூளை என்று கேட்டீர்களே தம்பி. துபாயில் சாரம் கட்டி, கண்ணளவில் மட்டம் பார்த்து நாற்பது மாடி ஏற்றிய உங்கள் அப்பாவுக்கு இருந்ததும் மூளைதான். அதற்கு மதிப்பு வாங்கித் தராமல் உங்கள் மூளைக்கு மட்டும் மதிப்பு வாங்க முடியாது. இரண்டுக்கும் சேர்த்தே போராடுவோம்.

- ஆசிரியர் குழு