வேரைக் காட்டியவர் பெயர் எங்கே?

மூலிகைக் கருத்தரங்குகளில் சர்ப்பகந்தா என்ற பெயர் வந்துவிட்டால் போதும், "நம் ரிஷிகள் அன்றே கண்டார்கள்" என்று மேடையில் ஒருவர் தொடங்கிவிடுவார். ஆய்வு மாணவராக இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

பாம்புக்கடிக்கும் பித்துக்கும் மக்கள் தந்துவந்த வேர் அது. இரத்த அழுத்தத்தை அது குறைக்கிறது என்று 1931இல் கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் போஸும் எழுதினார்கள். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 50 நோயாளிகளிடம் சோதித்து வெளியிட்டார். 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அதிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தது. செடிக்கு ஒரு ஜெர்மன் மருத்துவரின் பெயர், அதில் கிடைத்த அஜ்மலினுக்கு ஹக்கீம் அஜ்மல் கானின் பெயர். வேரைத் தோண்டிக் காட்டியவர் பெயர்?

விதிவிலக்காக இட்டி அச்சுதன் இருக்கிறார். 1678 முதல் 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வந்த 'ஹோர்டஸ் மலபாரிக்கஸ்' நூலில் இந்த ஈழவ வைத்தியரின் சான்றுரை அச்சாகியிருக்கிறது. 1924இல்கூட வைக்கம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்க விடப்படாத சாதி அது. ரிஷி எங்கே வந்தார் இதில்?

"பாட்டி வைத்தியத்துக்குச் சோதனை எதற்கு?" என்று கேட்கும் தோழர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. ரெசர்பின் எடுத்தவர்களில் சிலருக்குக் கடும் மனச்சோர்வு வந்தது. எவ்வளவு கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்பதெல்லாம் சோதித்துத்தான் தெரியும். வாட்ஸ்அப்பில் வந்த முருங்கைச் சாற்றை நம்பி மாத்திரையை நிறுத்திய என் அத்தைக்கு இன்று வலது கை தூக்க வரவில்லை. சோதித்த மருந்து காசுள்ளவனுக்கு, சோதிக்காத சாறு சேரிக்கு என்பதற்குப் பெயர் மரபுப் பெருமையா?

2023இல் பல்லுயிர்ச் சட்டத்தைத் திருத்தினார்கள். நூல்களில் தொகுக்கப்பட்ட மரபறிவைப் பயன்படுத்தினால் மாநில வாரியத்துக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டியதில்லையாம். காட்டில் வாய்மொழியாக இருந்ததை யாரோ ஏட்டில் ஏற்றியிருந்தால் முடிந்தது கதை. சொன்னவருக்குப் பங்கு கேட்க வழியில்லை. எழுத்தை யாருக்கு மறுத்தார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

என் ஆய்வேட்டில் செடியை அடையாளம் காட்டியவர் என்ற இடத்தில் 'உள்ளூர் மக்கள்' என்று போடச் சொன்னார்கள். இருளர் பாட்டியிடம் கேட்டேன். "எம்பேரப் போடு, எனக்கென்ன பயம்?" என்றார். போட்டுக் கொடுத்து நான்கு மாதம் ஆகிறது. இன்னும் கையெழுத்து விழவில்லை.