லயத்து வீடும் சொந்த வீடும்

கணினி வாங்கும்போது விண்டோஸும் சேர்ந்தே வந்துவிடுகிறது. அதற்கும் விலை கொடுக்கிறோம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் அதனோடு போட்டியிட முடியுமா என்று கேட்டால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். முடியும் என்பதே என் கருத்து. ஆனால், அதற்கு ஒரு நிபந்தனை உண்டு.

1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் தொடங்கிய லினக்ஸ், இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கு அடித்தளம். உலகின் அதிவேகக் கணினிகள் ஐந்நூறும் 2017 முதல் அதில்தான் இயங்குகின்றன. ஆக, தரத்தில் குறையில்லை. மேசைக் கணினியில்தான் அது பின்தங்கி நிற்கிறது. ஏன்?

ஜெர்மனியின் மூனிக் நகர மன்றம் 2003-இல் லினக்ஸுக்கு மாற முடிவு செய்து, ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றியது. 2017-இல் மீண்டும் விண்டோஸுக்கே திரும்பத் தீர்மானித்தது. ஊழியர்களின் குறைகளும் பிற மென்பொருள்களோடு ஒத்துப்போகாத சிக்கல்களும் காரணமாகச் சொல்லப்பட்டன. கேரளப் பள்ளிகளிலோ லினக்ஸ் வேரூன்றிவிட்டது. அங்கே ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார்கள்; பாடநூலையும் தேர்வையும் அதற்கேற்ப அமைத்தார்கள். மென்பொருளுக்குப் பின்னால் மனிதர்கள் நின்றார்கள்.

இந்தக் கேள்வி இப்போது நம் வாசலுக்கும் வந்துவிட்டது. 2025 அக்டோபர் 14-ஆம் நாள் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. பழைய கணினிகள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. ஈப்போவிலும் சுற்றியுள்ள பழைய தோட்டப்புறங்களிலும் அண்ணன் பயன்படுத்திய கணினியில் தம்பி படிக்கும் குடும்பங்களை நான் அறிவேன். நன்றாக ஓடும் கணினியை அவர்கள் தூக்கி எறிய வேண்டுமா?

பேராக் மண்ணில் பிறந்த நமக்கு இது புதிய கதையன்று. 1950-களில் ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள் வேலையோடு லயத்து வீட்டையும் இழந்தார்கள். குடியிருந்தது அவர்கள், உரிமை வேறொருவருடையது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்களின் சிறுசிறு பங்குப்பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. தோட்டம் தோட்டமாகச் சென்று பேசவும் பணம் திரட்டவும் ஆட்கள் இருந்ததால்தான் அது நடந்தது.

வணிக மென்பொருள் லயத்து வீடு போன்றது. வசதி இருக்கலாம், முடிவு நம் கையில் இல்லை. திறந்த மூல மென்பொருள் கூட்டுச் சொத்து. கூரை ஒழுகினால் நாமே ஏறிச் சரிசெய்ய வேண்டும். ஆட்டோகேட் தேவைப்படும் பொறியியல் மாணவரை லினக்ஸுக்கு மாறச் சொல்ல மாட்டேன். கட்டுரை எழுதவும் இணையத்தில் பாடம் படிக்கவும் தமிழில் தட்டச்சு செய்யவும் அது தாராளமாகப் போதும்.

நிறுவிக் கொடுத்துவிட்டு வந்தால் மட்டும் போதாது. அடுத்த மாதம் அச்சுப்பொறி மக்கர் செய்தால் அந்தத் தாய் யாரை அழைப்பார்? அந்த அழைப்பை எடுக்க ஓர் ஆள் வேண்டும். அதுதான் நான் சொன்ன நிபந்தனை. நம்மில் கணினித் துறை மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் நிறையப் பேர் இருக்கிறோம். மாதம் ஒரு சனிக்கிழமையை ஈப்போவில் இதற்கென ஒதுக்க நம் கழகத்தால் முடியாதா? ஊர் கூடினால்தானே தேர் நகரும்!